துண்டு கட்டிய முந்திரி

என் வீட்டுக்காரர் இறந்ததற்கு நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள்.

சித்திரை வெயில். காலையில் நர்சரிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், நான் காபியை நீட்டினேன், அவர் கை நீட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த டம்ளரை ஜன்னலோரம் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது சரியாக ஞாபகம் இல்லை. பந்தலில் போட்டிருந்த வாடகை நாற்காலி ஒன்றுக்குக் கால் ஆடிக்கொண்டிருந்தது. யாராவது உட்கார்ந்து விழுந்து தொலைக்கப் போகிறார்களே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுமலையிலிருந்து வந்த என் மூத்த நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அழுதுரு தாயி, உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா நெஞ்சு அடைச்சுக்கிரும் என்றார். அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திருகினால் வருவதற்கு? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே பக்கத்திலிருந்தவளிடம், இவளுக்கு எப்பவுமே நெஞ்சழுத்தம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன். படுக்கச் சொன்னால் படுத்தேன். தூக்கம்கூட வந்தது, அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

திருநகரில் கட்டிக்கொடுத்த என் மகள் பெட்டியோடு வந்து என்னோடு தங்கிவிட்டாள். அவள் எனக்கும் சேர்த்து அழுதாள்.

அவர் ஒட்டுக்கட்டுகிறவர். ஒரு நாற்றின் தலையை வெட்டி, நல்ல மரத்திலிருந்து எடுத்த குச்சியைச் சீவி அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினால், அந்த நல்ல மரமே மறுபடியும் வளரும். அதுதான் ஒட்டு. மா, கொய்யா, சப்போட்டா எல்லாம் கட்டுவார். அவர் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் இறங்கி வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் சொந்தப் பெயருக்குப் பட்டா வாங்கிய முதல் ஆள் இவர்தான். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வாங்கிய அந்தத் துண்டு நிலத்தில்தான் நர்சரி. மாவும் கொய்யாவும் எங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் அவர் மனசு முழுக்க முந்திரியில் இருந்தது. அதுவும் பனி தாங்குகிற முந்திரி.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு மரம் தேடிய மனுஷன் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஃபேன் இல்லாமல் ஒருத்தரும் தூங்க முடியாத ஊர் இது. உங்களுக்கு வெயில் மண்டைக்கு ஏறிருச்சு என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். மலைச்சரிவில் நிலம் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொய்யாக் கன்று கொண்டுபோய் இறக்கியபோது வந்த வினை அது. அங்கே முந்திரி வைத்துப் பார்த்தார்களாம். வெயில் காலம் முழுக்க நன்றாக வருமாம், மார்கழி தையில் பனி இறங்கியதும் கன்று கருகிவிடுமாம். பனி தாங்குற முந்திரி ஒண்ணு கொண்டாங்களேன் என்று அந்த மலைக்காரர் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார். கேட்டவர் மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை.

மலையோரத்தில் ஒரு கிழட்டு முந்திரி நின்றது. பனியில் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கொட்டை சுண்டுவிரல் நகம் அளவுதான். அதன் பூவிலிருந்து மகரந்தம் எடுத்துவந்து எங்கள் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கிற மரத்தின் பூவுக்கு வைத்தார். வைப்பதற்கு முன்னால் எங்கள் பூவிலிருக்கும் மகரந்தத் தண்டை ஊசியால் கிள்ளி எடுத்துவிட வேண்டும், வைத்த பிறகு தேனீ வந்து குழப்பாமல் இருக்கக் காகித உறை மாட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை. அவர் ஸ்டூலில் ஏறி நிற்பார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உறையை எடுத்துக் கொடுப்பேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருக்கேன் என்று நான் கத்துவதும், இந்தா முடிஞ்சிருச்சு என்று அவர் சொல்வதும் ஒவ்வொரு தையிலும் நடந்தது. அந்தக் கொட்டைகளை முளைக்கப்போட்டு நாற்றாக்கினார். எது பனி தாங்கும், எது தாங்காது என்று பார்க்க வேண்டும். பனிக்கு எங்கே போவது?

ரிங் ரோட்டில் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. மிளகாய் வற்றலும் புளியும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற இடம். அதன் முதலாளி இவருக்குப் பழக்கம். காலியாகக் கிடந்த சின்ன அறை ஒன்றில் குளிரை இன்னும் இறக்கித் தரச் சொல்லி, நாற்றுகளை அங்கே கொண்டுபோய் வைத்தார். மலையில் என்னதான் பனி பெய்தாலும் மண்ணுக்குள் கொஞ்சம் கதகதப்பு இருக்கும், அதனால் வேர் இருக்கும் பாக்கெட்டைச் சுற்றித் தென்னை நாரை அடைத்துச் சாக்கால் கட்டினார். தலை மட்டும் வெளியே. அறைக்குள் யாரும் போகக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார். தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். குறித்த நாள் முடிந்து வெளியே எடுத்தபோது அநேகமாக எல்லாம் கருகியிருந்தன. நொண்டி நொடித்துப் பிழைத்தவை சில. ஒன்று மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

அந்த ஒன்றைத்தான் நிலத்தின் கிழக்கு மூலையில் நட்டார். மூன்றாம் வருஷம் பூத்தது. கொட்டையும் பெருசு. அதிலிருந்து குச்சி வெட்டி வெட்டி ஒட்டுக் கட்டினார். போன வருஷம் கட்டிய ஒட்டுகள்தான் நிழல்வலைக்குள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் அந்த மலைக்காரருக்கு. அவருடைய எலுமிச்சைத் தோட்டம் நோய் விழுந்து பட்டுப்போய்விட்டது. அந்தச் சரிவு முழுக்க இந்த முந்திரியை வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அதை நம்பித்தான் அந்த மலைக்காரரின் மிச்ச வாழ்க்கையே இருந்தது. இவர் போகும்போது நிலைமை இதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் கோல்டு ஸ்டோரேஜில் மூட்டை தூக்குகிற தம்பி வந்தான். என் வீட்டுக்காரரை அண்ணே அண்ணே என்று சுற்றிவருகிறவன். சாவுக்கும் வந்திருந்தான், பாடைக்குத் தோள் கொடுத்தான். இப்போது தனியாக வந்து, நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். அண்ணே இருக்கையில சொன்னா வைவாருன்னு சொல்லாமலே இருந்துட்டேன். அந்த முந்திரியக் காப்பாத்துனது நாந்தான்."

எந்த முந்திரி என்று கேட்டேன். கிழக்கு மூலையில் நிற்கிறதே, அதுதான் என்றான். சாயங்காலம் அறைக் கதவைச் சாத்தப் போகும்போது எட்டிப் பார்த்தானாம். சாக்கு சுற்றிய செடிகள் தலையை நீட்டிக்கொண்டு அந்தக் குளிரில் நின்றனவாம். மார்கழி பிறந்தால் காதை மூடி மப்ளர் கட்டாமல் டீக்கடைக்குக்கூடப் போகாத ஆள் அவன். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், இங்கே அடிக்கிற குளிருக்கு.

"காலுக்குச் சாக்கு சுத்துன மனுசன் தலைக்கு மறந்துட்டாரேன்னு இருந்துச்சு மதினி. மனசு கேக்கல. எங்கிட்ட இருந்தது ஒரே துண்டு. அத அந்தச் செடிக்குத் தலையோட சேத்துக் கட்டிவிட்டுட்டேன்."

மறுநாள் காலையில் அண்ணன் வருவதற்குள் அவிழ்த்துவிடுவானாம். கடைசிச் சில நாள் இப்படியே செய்தானாம். மற்றதெல்லாம் கருகியும் வதங்கியும் போய் அது ஒன்று மட்டும் தெம்பாக நின்றதைப் பார்த்து அண்ணன் சந்தோஷப்பட்டபோது இவனுக்கும் உள்ளுக்குள் அம்புட்டு சந்தோஷமாம். அண்ணே போயிட்டாலும் அது நிக்குதுல்ல மதினி, என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறான். அவனிடம் இருந்ததிலேயே பெரிய பொருளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், போயிட்டு வா தம்பி என்றேன்.

அவன் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குச் சங்கதி முழுசாக உறைத்தது. அந்த மரம் பனி தாங்கிப் பிழைக்கவில்லை, துண்டு கட்டியதால் பிழைத்திருக்கிறது. எல்லா முந்திரியையும் போல அதுவும் ஒரு முந்திரி. அதிலிருந்து வெட்டிய குச்சி, கட்டிய ஒட்டு, மலைக்காரரின் சரிவு எல்லாமே ஒரு லோடுமேனின் துண்டை நம்பி நிற்கிறது.

அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே ஏதோ அசைந்தது. அழுகை இல்லை, கோபம். முதலில் அந்தத் தம்பி மேல். அடக் கிறுக்குப் பயலே, செடிக்கு யாராவது தலைப்பாகை கட்டுவார்களா? பிறகு அது திரும்பி என் வீட்டுக்காரர் மேல் வந்தது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியும். கேஸ் வால்வை நான் மூடினாலும் எழுந்துபோய் ஒரு தடவை பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார், பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த மரத்தை மட்டும் ஒரே ஒரு தடவை சோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மறுபடியும் குளிரில் வைத்துப் பார்க்கவில்லை. நாலு செடியை மட்டும் முதலில் கொண்டுபோய் ஒரு மார்கழி பார்க்கலாமா என்று மலைக்காரரே கேட்டதற்கு, தேவையில்லை, நான் பார்த்தாச்சு என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பயம். இரண்டாவது தடவை செத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மலைக்காரர் போன் செய்தார். மழை பிடித்துவிட்டது, குழி வெட்டியாச்சு, எலுமிச்சை வேரையெல்லாம் தோண்டி எடுத்தாச்சு, செடியை எப்போது அனுப்புகிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சாவு வீட்டில் இதைக் கேட்கிறோமே என்ற கூச்சம் அவர் குரலில் இருந்தது. அனுப்பிவிடலாம் என்று சொல்வது ரொம்ப எளிது. அடுத்த மார்கழி வரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் மார்கழி வரும். அந்த மனுஷன் ஏற்கெனவே ஒரு தோட்டத்தைப் பறிகொடுத்தவர்.

"இப்ப அனுப்ப முடியாதுங்க," என்றேன். "அந்த மரம் பனி தாங்குமான்னு எனக்குத் தெரியல."

அவர் தாங்கும்னு சொன்னாரேம்மா என்றார் மலைக்காரர். அவர் சொன்னார், நான் சொல்லவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குழியை மூடிவிடவா என்று கேட்டார். மூட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். போனை வைத்த பிறகு என் மகள், என்னம்மா இப்படிப் பட்டுன்னு சொல்லிட்டீங்க, அப்பா பேரு கெட்டுப்போகுமேம்மா என்றாள். கெட்டால் கெடட்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை வாயில் கசந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஒரு சின்ன வேனில் செடிகளை ஏற்றிக்கொண்டு கோல்டு ஸ்டோரேஜுக்குப் போனேன். அவர் மரத்து ஒட்டுகளில் சில, சாதாரண முந்திரி ஒட்டுகளில் சில. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. புது மிளகாய் லோடு வருவதற்குள் எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். சாக்கைச் சுற்றி, நாரை அடைத்து, அதே அறையில் வைத்தேன். மூட்டை தூக்குகிற தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு மறுபடியும் இது என்று அவனுக்குப் புரியவில்லை. சொன்னேன். மூடிவைத்துப் பிழைத்தால் அது பிழைப்பில்லை, மலையில் ஒவ்வொரு செடிக்கும் துண்டு கட்ட ஆள் கிடையாது என்று நேராகவே சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"இந்தத் தடவ உள்ள போவியா?" என்று கேட்டேன்.

"போக மாட்டேன் மதினி."

"அந்தத் துண்டக் குடு."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கொடுத்தான். தினமும் சாயங்காலம் போய் அவன் துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன், காலையில் கொண்டுவந்து கொடுப்பேன். மிளகாய் நெடி அடிக்குது, இது யாரு துண்டும்மா என்று மகள் கேட்டாள். கைதியோட துண்டு என்றேன். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

காலையில் பஸ் பிடித்துப் போவேன். வெளியே வெயில் கொளுத்தும், அந்த இரும்புக் கதவைத் தள்ளினால் குளிர் முகத்தில் அறையும். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே நிற்பேன். செடியைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும், நான் அதற்கு மேலும் நின்றேன். யாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்ட முடியாத இடம் அது ஒன்றுதான். கை விரல் விறைத்துப்போகும். என் மனசுக்குள் எப்படி விறைத்துக் கிடந்ததோ அதே மாதிரி அங்கே எல்லாமே இருந்தது, அதனால் நிம்மதியாக இருந்தது. மிளகாய் நெடியில் கண்ணில் தண்ணீர் வரும். அதை அழுகை என்று முதலாளி நினைத்துக்கொண்டு, வெளிய வாங்கம்மா, காத்தாட உக்காருங்க என்பார். நான் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு ஆளுக்காவது நான் அழுததாக இருக்கட்டும்.

முதல் சில நாள் ரெண்டு வகையும் ஒரே மாதிரி நின்றன. பிறகு எல்லா இலையும் கருப்பட்டிப் பாகு பட்ட மாதிரி நிறம் மாறின. அவர் மரத்து ஒட்டும் மாறியது, சாதாரண ஒட்டும் மாறியது. ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. போச்சு என்று நினைத்தேன். நினைத்தபோதுகூட ஒன்றும் ஆகவில்லை. மலைக்காரரிடம் எப்படிச் சொல்வது, எலுமிச்சைக்குப் பதிலாக வேறு என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அன்றைக்கு வழக்கம்போல ரசம் வைத்தேன்.

குறித்த நாளில் செடிகளை வெளியே எடுத்து நர்சரிக்குக் கொண்டுவந்து நிழல்வலைக்குள் இறக்கினேன். குளிரில் அடிபட்ட செடி உடனே சாகாது, வெளியே வந்த பிறகுதான் செத்ததா பிழைத்ததா என்று தெரியும். இலைகள் கொட்டத் தொடங்கின. அவர் மரத்து ஒட்டிலும் கொட்டின. வெறும் குச்சிகளாக நின்ற அந்த வரிசையைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. மலைக்காரர் நடுவில் ஒரு தடவை கூப்பிட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். அவர் சரிம்மா என்று மட்டும் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தம்பி நர்சரிக்கு வந்தான். லீவு நாள், தூங்காமல் வந்திருக்கிறான். தினமும் போன் செய்து கேட்கக் கூச்சமாக இருந்ததாம். வா, ரெண்டு பேருமாகப் பார்த்துவிடுவோம் என்று உள்ளே கூட்டிப்போனேன். முதலில் சாதாரண ஒட்டுகள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே காப்பித்தூள் நிறம். காய்ந்து போயிருந்தன. ஒன்று விடாமல் சுரண்டினேன், எல்லாமே அப்படித்தான். பிறகு அவர் மரத்து ஒட்டுக்கு வந்தேன். சுரண்டினேன். பச்சை.

அடுத்ததைச் சுரண்டினேன். பச்சை. அதற்கடுத்ததில் சுரண்ட வேண்டிய வேலையே இல்லை. இலை விழுந்த கணுவுக்கு மேலே செப்பு நிறத்தில் குருத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வரிசை முழுக்கப் பார்த்தேன். நுனி கருகியது உண்டு, மெலிந்து நின்றது உண்டு, ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை.

"பொழச்சிருச்சா மதினி?"

"பொழச்சிருச்சு."

அவன் கொஞ்ச நேரம் அந்தக் குருத்தையே பார்த்தான். பிறகு, அப்ப நான் துண்டு கட்டலைன்னாலும் அந்தச் செடி பொழச்சிருக்குமா என்று கேட்டான். பிழைத்திருக்கும் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக அவன் மனசில் வைத்திருந்த ஒரே பெருமையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று தெரிந்தது. எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. அத்தனை செடி இருக்க, இருந்த ஒரு துண்டை ஏன் அதற்குக் கட்டினாய் என்றேன்.

"மத்ததெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சு மதினி. அது ஒண்ணுதான் நிமிந்து நின்னுச்சு. அதுவாச்சும் தப்பிக்கட்டும்னு அதுக்குப் போட்டேன்."

இதை அவன் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் முதல் நாளே கேட்டிருக்கலாம். அவன் துண்டை எடுப்பதற்கு முன்பே அந்தச் செடி தன் பாட்டுக்குத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நிமிர்ந்து நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தார், அதே நிமிர்ந்து நின்றதைப் பார்த்துத்தான் இவனும் துண்டைக் கட்டினான். ரெண்டு பேருக்கும் ஒரே கண். இதை அவனிடம் சொன்னேன். நீயும் அண்ணனும் ஒரே செடியத்தான்டா தம்பி பாத்திருக்கீங்க என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. டீ வாங்கிட்டு வாரேன் மதினி என்று தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனான்.

நான் மலைக்காரரைக் கூப்பிட்டேன். குழியை மூட வேண்டாம், செடி வருகிறது என்றேன். எத்தனாம் தேதி வண்டி அனுப்பட்டும்மா என்று கேட்டார். தேதி சொன்னேன். தென்னை நார் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன், வண்டி குலுங்கினால் ஒட்டு பிரிந்துவிடாமல் நடுவில் அடைக்க. எல்லாம் சரியாகத்தான் பேசினேன்.

போனை வைத்துவிட்டு நிழல்வலைக்கு வெளியே வந்தேன். வெயில் ஏறியிருந்தது. மறுபடியும் நம்பரை அழுத்தினேன். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, குருத்து விட்டுருச்சுங்க," என்றேன். "ஒண்ணுகூடச் சாகல. நீங்க ஒரு தடவ பாத்ததே சரிதான். பயந்தே செத்தீங்களே, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

நான் அழுத்தியது என் வீட்டுக்காரர் நம்பர். அந்தப் போன் அவர் போன நாளிலிருந்து என் மகளிடம் இருக்கிறது. செடி கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கு அவள்தான் பதில் சொல்கிறாள். எனக்கு அது தெரியும். நான்தான் அவளிடம் எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா," என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "சொல்லுங்கம்மா," என்றாள்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. கெட்ட செய்தியாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன், அதற்குத்தான் இத்தனை நாளும் தயாராக இருந்தேன். நல்ல செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே செடிகளுக்கு நடுவில் ஈர மண்ணில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வந்துவிட்டது, வாய்விட்டு, அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி. மகள் போனை வைக்கவில்லை. அழுங்கம்மா என்றுகூடச் சொல்லவில்லை. அவளும் அழுதுகொண்டு அந்தப் பக்கத்திலேயே இருந்தாள்.